சுங்கை சிப்புட் மாடி வகுப்பு: ஏழு மாதம், ஒரே முகம்

என் தையல் கடைக்கு வருகிறவர்கள் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும், நான் வரைந்த சிவப்புக் குல்லாக்காரன் படத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கா இது?" என்று கேட்கிறார்கள். அடுத்த கேள்வி, "எங்க கத்துக்கிட்டீங்க?" மூன்றாவது, "சேரலாமா, எவ்வளவு?" அளவு எடுத்துக்கொண்டே பதில் சொன்னால் அளவு தப்பிப்போகிறது. அதனால் அந்த எண்ணெய்ச் சாய ஓவிய வகுப்பைப் பற்றி எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சேரலாம். ஆனால் எதற்குச் சேர்கிறோம் என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசையில் துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. பெயர்ப்பலகை கிடையாது. "மாடி வகுப்பு" என்றால் கீழே பழக்கடைக்காரர் கை காட்டுவார். சனிக்கிழமை பிற்பகல் 2 மணியிலிருந்து 5 மணி வரை. மாதம் 160 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), நான்கு வகுப்பு. சாயம், தூரிகை, பலகை எல்லாம் நம் செலவு. எனக்கு முதல் தடவை 240 வெள்ளி ஆனது. அதில் தூரிகைக்கே 70. சாயக் குழாய்கள் ஈப்போவில்தான் கிடைக்கின்றன. பலகைக்கு ஈப்போ போகவேண்டியதில்லை, நம் ஊர் ஹார்ட்வேர் கடையிலேயே பிளைவுட்டை வெட்டித் தருவார்கள். ஓவியத்துக்கு என்று சொன்னால் ஓரத்தைத் தேய்த்தும் தருகிறார்கள்.

சொல்லித்தருகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்கிறோம். அறுபது தாண்டியவர். இளமையில் சினிமாக் கொட்டகைகளுக்குப் பேனர் வரைந்தவர். எங்கள் குழுவில் ஏழு பேர்: ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு பையன், ஓய்வுபெற்ற ஒரு சீன அங்கிள், கிளினிக்கில் வேலை செய்யும் அக்காள் தங்கை இருவர், இன்னும் இரண்டு பேர், நான்.

முதல் நாள் அம்மாவின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் 31 வருடம் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போன முகம் அது. அந்த முகத்தை வரையவேண்டும் என்ற ஆசைதான் என்னை அந்த மாடிப்படி ஏற வைத்தது. மாஸ்டர் படத்தை இரண்டு கையாலும் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல முகம்மா. இத வரையத்தான் நீ வந்திருக்க. ஆனா முதல்ல இந்த ஆளு" என்று சுவரில் ஒட்டியிருந்த அச்சுப்படத்தைக் காட்டினார்.

அந்த ஆள் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வரைந்தவர் அந்தொனெல்லோ த மெஸ்ஸினா, சிசிலித் தீவுக்காரர். 1475 வாக்கில் வரைந்தது. இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. மூலப்படமே சிறியதுதான். பாப்லர் மரப் பலகையில் 35.6 சென்டிமீட்டர் உயரம், 25.4 சென்டிமீட்டர் அகலம். அங்குலக் கணக்கில் 14க்கு 10. பெரிதாக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம், அதே அளவிலேயே வரையலாம். கறுப்புப் பின்னணி, சிவப்புக் குல்லா, கருங்காப்பி நிற அங்கி, கழுத்தில் நூல் ஓட்டினது போல வெள்ளைச் சட்டையின் ஓரம். நகை இல்லை, கை இல்லை, பின்னால் மலையோ ஆறோ இல்லை. முகம் சரியாக வரவில்லை என்றால் அதை மறைக்க அந்தப் படத்தில் வேறு எதுவுமே இல்லை. இத்தாலிக்காரர்கள் அதற்கு முன்னால் பெரும்பாலும் காசில் பொறித்த தலை மாதிரி பக்கவாட்டு முகமாகத்தான் வரைந்தார்களாம். இந்த ஆள் முக்கால் பங்கு திரும்பி நம் கண்ணையே பார்க்கிறான். அம்மா என் பலகையைப் பார்த்ததும் சொன்னது: "யாருடி இவன், சம்பளம் கேட்டுப் போனா ஆபீஸ் கிராணி பாக்குற மாதிரியே பாக்குறான்."

ஏழு மாதமும் இந்த ஒரே முகம்தான். பேரப்பிள்ளை படத்தை ஒரு மாதத்தில் வரைந்து மாட்டவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வகுப்பு சரிவராது. எங்களோடு சேர்ந்த இருவர் இரண்டாம் மாதமே நின்றுவிட்டார்கள். "இன்னொருத்தர் வரஞ்சத காப்பி அடிக்கிறதுக்கா காசு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. நான் வெட்டுக் கற்றது எந்த நிலையத்திலும் இல்லை. நன்றாகத் தைத்த பழைய ரவிக்கை கிடைத்தால் தையலைப் பிரித்து, துண்டு துண்டாகத் தரையில் பரப்பி, எந்த வளைவு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பேன். பிறகு அதே துண்டுகளைக் காகிதத்தில் வெட்டித் திரும்பத் தைப்பேன். கைக்குழி வளைவு என் கைக்கு வந்தது அப்படித்தான். பார்த்து வரைவதும் பிரித்துப் பார்ப்பதுதான்.

அந்தொனெல்லோவைப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் பிளாண்டர்ஸ் நாட்டுக்கே போய், வான் ஐக் என்ற ஓவியரிடம் நேரில் எண்ணெய்ச் சாய ரகசியத்தைக் கற்று இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று 1550இல், ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி என்ற இத்தாலிக்காரர் எழுதிவைத்தார். மாஸ்டரும் முதல் வாரம் அந்தக் கதையை உருக்கமாகச் சொன்னார். வீட்டில் தேடிப் பார்த்தேன். வான் ஐக் இறந்தது 1441இல். அந்தொனெல்லோ பிறந்ததே 1430 வாக்கில். பத்து வயதுப் பையன் அவ்வளவு தூரம் போய்க் கற்றிருக்க முடியாது. அவர் இளமையில் நேப்பிள்ஸில் கொலன்தோனியோ என்பவரின் பட்டறையில் இருந்திருக்கிறார். அந்த ஊர் அரசர் அல்போன்சோவிடம் வான் ஐக்கின் படங்கள் இருந்தன. அடுத்த சனிக்கிழமை இதைச் சொன்னேன். மாஸ்டர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப படத்தப் பாத்துத்தாம்மா கத்திருப்பாரு. நீ இப்ப செய்யுற மாதிரி" என்றார். மாணவி சொன்னதைக் கேட்டுத் தன் கதையைத் திருத்திக்கொள்கிற ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த வகுப்புக்கு நான் தரும் முதல் மதிப்பெண் அதற்குத்தான்.

பாடம் எப்படிப் போகிறது என்றால், முதல் மூன்று வாரம் சாயக் குழாயைத் திறக்கவே விடமாட்டார். பலகைக்குச் சாயம் பிடிக்க வெள்ளை கெஸ்ஸோ என்ற பூச்சை மூன்று கை பூசி, ஒவ்வொரு கைக்கும் நடுவே மணல்தாள் போட்டுத் தேய்க்கவேண்டும். கன்னம் மாதிரி வழுவழுப்பாக வந்தபிறகு அதன்மேல் ரா அம்பர் என்ற பழுப்புச் சாயத்தை டர்பன்டைனில் கரைத்து, நீர்த்த காப்பி நிறத்தில் ஒரு பூச்சு. அதற்குப் பிறகுதான் கோடு. அச்சுப்படத்தின் பின்பக்கம் கரி தேய்த்து ஒற்றி எடுக்கவும் சொல்லித்தருவார். ஆனால் அதற்கு முன்னால் அளந்து வெறும் கையால் ஒருமுறை வரையவேண்டும். "கண்ணு, மூக்குன்னு பேரு சொல்லாதம்மா. எங்க வெளிச்சம் நிக்கிது, எங்க இருட்டு ஆரம்பிக்கிது, அத மட்டும் சொல்லு" என்பார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கச் சொல்வார். பலகையைக் கண்ணாடியில் காட்டிப் பார்க்கச் சொல்வார். கண்ணாடியில் இடவலம் மாறியதும் கோணல் பளிச்சென்று தெரிந்துவிடும். என் ஆளின் வலது தாடை அரை விரற்கடை இறங்கியிருந்தது அப்படித்தான் தெரிந்தது.

அடுத்து அடிப்பூச்சு. பழுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்து முகத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் முழுசாக எழுப்பிவிடவேண்டும். இரண்டு மாதம் இதற்கே போய்விட்டது. அந்த இரண்டு மாதத்துக்குக் கொடுத்த பணம்தான் எனக்கு அதிகம் திரும்பி வந்த பணம். கண்ணின் வெள்ளை வெள்ளையே இல்லை என்பதை அங்கேதான் கண்டேன். கழுத்தோரச் சட்டை வெள்ளைதான் படத்திலேயே பளிச்சென்ற இடம். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்வெள்ளை சாம்பல். நான் முதலில் சுத்த வெள்ளை வைத்தேன், ஆள் பேயறைந்தவன் மாதிரி விழித்தான். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் துணி கொடுத்தார், துடைத்தேன். நான்கு சனிக்கிழமை கண்ணுக்கே போயிற்று. அந்தொனெல்லோவே கண்ணை மாற்றித்தான் வரைந்திருக்கிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது கண்கள் முதலில் வேறு பக்கம் பார்த்தபடி இருந்தது தெரிந்ததாம். இதைப் படித்த அன்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

நிறம் பூசுவது அதற்கு மேல், மெல்லிய மெல்லிய படலங்களாக. ஒவ்வொரு படலமும் காயவேண்டும். கீழ்ப் படலங்களில் டர்பன்டைன் கூடுதல், எண்ணெய் குறைவு. மேலே போகப் போக எண்ணெய் கூடவேண்டும். ஏன் என்று பையன் கேட்டபோது மாஸ்டர் சொன்ன விளக்கம் அவனுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. ரவிக்கைக்கு லைனிங் துணியை முதலில் தண்ணீரில் நனைத்துச் சுருங்கவிட்டுத்தான் வெட்டவேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் உள்ளே லைனிங் இழுக்கும், வெளியே பட்டு சுருங்கிக் கோணும். அதுபோல, கீழே எண்ணெய் மிகுந்த படலம் இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போது மேலே சீக்கிரம் காய்ந்துவிடுகிற படலத்தைப் போட்டால், மேல்படலம் விரிசல் விடும். பையனிடம் இப்படிச் சொன்னதும் தலையாட்டினான்.

எண்ணெய்ச் சாயம் துணி உலர்வது மாதிரி நீர் வற்றி உலர்வதில்லை. சாயத்தில் இருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. எல்லா நிறமும் ஒரே வேகத்தில் இறுகாது. அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம். என் பழுப்பு அடிப்பூச்சு இரண்டே நாளில் காய்ந்துவிட்டது. பின்னணிக்குப் போட்ட ஐவரி பிளாக் பத்து நாள் ஆகியும் விரலில் ஒட்டியது, அப்போது மழைக்காலம் வேறு. எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குப்பையில் போடவே கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டின் ஒன்று மூலையில் இருக்கும், அதில்தான் போடவேண்டும். வார்னிஷ் விஷயத்திலும் அதே கண்டிப்புதான். முடித்த அன்றே பளபளப்பாக்கித் தரச் சொல்லி ஒருவர் கேட்டார். ஆறு மாதமாவது காயவேண்டும் என்று மறுத்துவிட்டார்.

அம்மா பால்மரம் வெட்டுவதைப் பற்றிச் சொல்வார்: பட்டையை மட்டும் சீவணும், மரத்துக்குக் காயம் படக்கூடாது, காயம் பட்டா அந்த இடம் முண்டு கட்டிப்போயிடும். கன்னத்தில் மேல்படலம் போடும்போதெல்லாம் அந்தச் சொல் என் காதில் இருந்தது. தாடையில் மழித்த இடத்தின் மங்கல் இருக்கிறதே, அது அழுத்தினால் அழுக்காகிவிடும். உலர்ந்த தூரிகையால் தொட்டும் தொடாமலும் இழுக்கவேண்டும். ஒன்பதாவது தடவை வந்தது. குல்லாவை இரண்டே வாரத்தில் முடித்தேன். துணி மடிப்பு எனக்குத் தெரிந்த விஷயம். கேட்மியம் ரெட்டில் மடிப்புகளை எழுப்பி, காய்ந்ததும் அதன்மேல் அலிசரின் என்ற கருஞ்சிவப்பைக் கண்ணாடி போலப் படரவிட்டபோது வெல்வெட் மாதிரி ஆழம் வந்துவிட்டது.

இனி குறைகள். மாஸ்டரிடமும் நேரில் சொன்னவைதான்.

வெளிச்சம் சரியில்லை. அறையின் மேற்குப் பக்கத்தில் டியூப் லைட் மட்டும். அங்கே உட்கார்ந்து கலக்கிய தோல்நிறம் கீழே தெருவுக்கு வந்ததும் பச்சையடித்தது. நூலுக்கு நிறம் பார்க்க நான் துணியை எப்போதும் கடைக்கு வெளியே வெயில் வெளிச்சத்துக்கு எடுத்துப் போவேன். டியூப் லைட்டில் பொருந்துகிற நூல் பகலில் பொருந்தாது. ஓவிய வகுப்பில் அது இன்னும் முக்கியம். கிழக்கு ஜன்னலோரம் மூன்று பேருக்குத்தான் இடம். முன்னால் வந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

டர்பன்டைன் வாடை. ஒரே ஒரு மின்விசிறி. ஆஸ்துமா உள்ளவர்கள் யோசித்துச் சேரவேண்டும். வாடை குறைந்த கரைப்பான் கடையில் கிடைக்கிறது. நான் மூன்றாம் மாதத்திலிருந்து அதைத்தான் கொண்டுபோகிறேன், தலைவலி நின்றுவிட்டது.

தீபாவளி நேரத்தில் மூன்று சனிக்கிழமை என்னால் போகமுடியவில்லை. கடையில் எண்பது ரவிக்கை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வகுப்புகளை ஈடுகட்டவும் இல்லை, பணத்தைக் கழிக்கவும் இல்லை. இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தீபாவளி நேரத்தில்தான் வேலை குவியும். அதற்கு ஒரு வழி செய்யவேண்டும்.

பார்த்து வரையத் தரும் அச்சுப்படத்துக்கு 15 வெள்ளி வாங்குகிறார்கள். அதில் குல்லா ஆரஞ்சு அடித்திருக்கிறது, நிழல்கள் மொத்தமாக அடைத்துக் கறுப்பாகக் கிடக்கின்றன. நேஷனல் கேலரியின் இணையப்பக்கத்தில் மூலப்படத்தைப் புருவ முடி தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம், காசு இல்லை. நான் பிள்ளையின் டேப்லெட்டை எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துத்தான் வரைந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பெரிய குறை இது. அந்த இத்தாலிக்காரனின் தோலுக்கு மாஸ்டர் தரும் கலவை கச்சிதம்: டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர், துளி சிவப்பு, நிழல் திரும்பும் இடத்தில் லேசான பச்சைச் சாம்பல். நம் தோலுக்கு அவரிடம் பாடம் இல்லை. ஐந்தாம் மாதம் வீட்டில் அம்மா முகத்தை அதே கலவையில் பர்ன்ட் அம்பர் கூட்டி முயன்றேன். சேறாகிவிட்டது. சாம்பல் பூசின மாதிரி, உயிரில்லாமல். அந்தப் பலகையை வகுப்புக்குக் கொண்டுபோய்க் கேட்டேன், "மாஸ்டர், நம்ம ஆளுங்க நிறத்துக்கு என்ன செய்யிறது?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "பேனர்ல கறுப்பா இருக்கிற நடிகரையும் ரோஸ் அடிச்சு வெளுப்பாக்கிடுவோம்மா. தியேட்டர்காரங்க அப்படித்தான் கேப்பாங்க. அந்தக் கை இன்னும் மாறல" என்றார். அந்தப் பதில் நேர்மையானது. ஆனால் ஏழு மாணவர்களில் ஆறு பேர் இந்த நிறம் என்கிறபோது, வகுப்பில் இதற்கும் ஒரு மாதமாவது இருக்கவேண்டும்.

பிறகு நானே அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பார்த்தேன். இத்தாலிக்காரனிடம் கற்ற அதே பார்வை: பெயர் சொல்லாமல், வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே. அம்மாவின் கன்னத்தில் வெளிச்சம் படும் இடம் ரோஸும் இல்லை, வெள்ளையும் இல்லை. அது நீலச் சாம்பல். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வானம்தான் அங்கே தெரிகிறது. நிழல் கறுப்பு இல்லை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கலந்த ஆழம், அதற்குள் மூக்கோரமும் காதோரமும் செம்பு மாதிரிச் சூடு. பழுப்புச் சாம்பலுக்குப் பதிலாக அடிப்பூச்சே பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பில் போட்டேன். சேறு போய்விட்டது. ஒரு சிறு பலகையில் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் வரைந்து எடுத்துப்போனபோது மாஸ்டர் அதைக் கிழக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். கலவையை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், இப்போது அது அச்சுப்படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது.

திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் வரைவதைப் பார்த்தே ரவிவர்மா எண்ணெய்ச் சாயத்தைக் கற்றார் என்பார்கள். நம் பாட்டிமார் பூஜை அறையில் மாட்டியிருந்த லட்சுமியும் சரஸ்வதியும் அந்தப் பார்வையிலிருந்து வந்தவர்கள்தான். பார்த்து வரைந்து கற்பதை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

டிசம்பரிலிருந்து இன்னும் மூன்று மாதத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். ஜன்னலோர இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்த முறை அம்மாவின் முழு முகம், அதே 14க்கு 10 பலகை. அம்மாவைத் தலைத்துண்டோடு, தோட்டத்துக்குப் போகிற கோலத்தில் உட்காரச் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. "முப்பது வருசம் அந்தத் துணியோடதான் இருந்தேன். புது ரவிக்க தச்சுக் குடு, மாம்பழக் கலர்ல. அதப் போட்டுக்கிட்டுத்தான் உக்காருவேன்" என்கிறார். துணி எடுத்துவிட்டேன். லைனிங் வாளியில் நனைந்துகொண்டிருக்கிறது.